கோமதி அக்கா விட்ட கத்தரிக்காய்

போன வாரம் புதன்கிழமை காலை, பால்காரர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். விடுதியின் பின்வாசலில் நான் பால் வாங்கும் பாத்திரத்துடன் நின்றிருந்தேன். சமையலறையில் விளக்கு எரியவில்லை, அடுப்பும் மூட்டப்படவில்லை. பால்காரர் கேனைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கோமதியம்மா இனிமே வரமாட்டாங்க பாப்பா. நேத்து ராத்திரி நெஞ்சு வலின்னு புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. விடியறதுக்குள்ள போயிட்டாங்க. எங்க தெருதான், திருவானைக்காவல். இப்பத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க" என்றார்.

நான் பாத்திரத்தை நீட்டி, "ஆறு லிட்டர் ஊத்துங்க" என்றேன். தினமும் சொல்வது போலவே சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பாலை ஊற்றினார். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் இந்த விடுதியில் நாற்பத்திரண்டு பெண்களுக்குப் பத்து வருடங்கள் சமைத்துப் போட்டவர் இறந்த செய்திக்கு நான் சொன்ன பதில் அதுதான்.

நாளை காலை பிரார்த்தனை முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் அக்காவுக்கு அஞ்சலி செலுத்த வேண்டும் என்று வார்டன் அம்மா சொன்னார். "பவானி, உனக்குத்தான் தமிழ் நல்லா வருது. ரெண்டு பக்கம் எழுதி நீயே படிச்சிடு" என்றார். எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இரண்டு பக்கங்களில் பொய்யான வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு நாளை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன்.

தோழிகளே, இது அந்தப் பக்கங்கள் இல்லை. நீங்கள் எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுவது. நாளை எதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பேன் என்று எனக்கே தெரியவில்லை. நம்மோடு இருக்கும் மலர்விழியின் அப்பா நாளை மதியம் வருகிறார். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் படிப்பை விட்டுவிட்டுப் பச்சைமலைக்கு பஸ் ஏறப் போகிறாள். அதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.

அக்கா கத்தரிக்காய் சாப்பிட மாட்டார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பது இந்த வருடம் சேர்ந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அக்காவின் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். சனிக்கிழமைதோறும் வேலை முடிந்து வரும்போது கொள்ளிடக்கரைத் தோட்டத்தில் பிஞ்சுக் கத்தரிக்காய் வாங்கி வருவாராம். அன்று இரவு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. பாத்திரத்தில் ஒட்டியதைச் சோறு போட்டுத் துடைத்துச் சாப்பிடுவது யார் என்று இரண்டு பேருக்கும் சண்டை வருமாம். அவர் இறந்த வருடம் அக்கா தன் தங்கையுடன் காசிக்குப் போனார். காசிக்குப் போனவர்கள் ஒரு காயையும் ஒரு பழத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும், அதன் பிறகு ஆயுசுக்கும் அவற்றைச் சாப்பிடக்கூடாது.

"எங்க கூட வந்தவளுங்க எல்லாம் பாகக்காய விட்டாளுங்க, கோவக்காய விட்டாளுங்க. ஒருத்தி நூக்கோல விட்டா. பொறந்ததுலேருந்து அவ நூக்கோல் தின்னதே இல்லயாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "பிடிக்காதத விட்டா அது விடுறது இல்லடி, குப்ப கொட்டுறது."

"அப்ப நீங்க ஏன்க்கா கத்தரிக்காய விட்டீங்க? அதுதானே உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"அவரு போயிட்டாரு. சனிக்கிழமை வந்தா கை தானா சட்டிய எடுத்து வைக்குது. கைக்கு யாராவது சொல்லணும்ல, அவரு இல்லன்னு. அதான் சொன்னேன்."

அப்போது எனக்கு அது புரியவில்லை. காசிக்குப் போவது, ஆற்றில் முழுகுவது, பிடித்ததை விடுவது எல்லாம் புண்ணியம் சேர்க்கும் கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அக்காவுக்கு அது ஒரு பயிற்சி. நாம் காலையில் வாய்ப்பாடு சொல்வது போல, ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

விடுதியில் செவ்வாய்க்கிழமை என்றால் கத்தரிக்காய்க் குழம்பு. தான் சாப்பிடாததை மற்றவர்களுக்குச் செய்ய மாட்டேன் என்று அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் ருசி பார்க்க முடியாது. அதற்கு ஆள் வேண்டும். போன வருடம், நான் பத்தாம் வகுப்புக்கு இங்கே வந்த முதல் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை தட்டுக் கழுவப் போன என்னைக் கூப்பிட்டார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஊற்றினார்.

"என்னடி சொல்லுது?"

"உப்பு கம்மிக்கா. புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"அடி சக்க. முன்னால இருந்தவ எதக் குடுத்தாலும் சூப்பர்க்கா சூப்பர்க்கான்னுவா. அவள நம்பி நாப்பது பேரு உப்பில்லாம தின்னீங்க. இனிமே நீதான் என் நாக்கு" என்றார்.

அன்றிலிருந்து எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டீர்கள். "அக்காவோட நாக்கு எங்கடி, இன்னும் காணும்?" என்று பன்னிரண்டாம் வகுப்பு சங்கீதா அக்கா வரிசையில் நின்றுகொண்டு கிண்டல் செய்வார். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா முசிறியில் துணிக்கடையில் நிற்கிறார். அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், மெல்ல மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டார். இந்த ஊரில் யாரோ ஒருவருக்கு நான் இல்லாமல் ஆகாது என்பது அந்தப் பெயரில்தான் இருந்தது.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் நான் செய்தது விளங்காது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை வார்டன் அறைக்கு வெளியே போன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வீட்டிலிருந்து பேசுகிறவர்கள் அந்த நேரத்தில்தான் பேசலாம். அம்மா ஐந்து நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுவார். அதன் பிறகும் நான் எழுந்திருக்க மாட்டேன். அப்பா என்றாவது பேசுவார் என்று ஒரு வருடத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அக்கா முறத்தில் கீரையை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஆய்வார். எதுவும் சொல்ல மாட்டார். ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொன்னார்.

"பவானி, மணி ஆறாகப் போகுது. எழுந்திரிடி."

"இன்னும் பத்து நிமிஷம் இருக்குக்கா."

"அவரு பேசுவாரோ, பேசமாட்டாரோ, நமக்குத் தெரியாது. ஆனா உன் ஞாயித்துக்கெழமைய முழுசா அவருகிட்டக் குடுத்துட்ட. அத வாங்கிக்கோ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கத்தரிக்காய விடுற மாதிரியாக்கா அப்பாவ விடுறது?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "அப்பாவ விடுன்னு நான் சொல்லலடி. இந்த பெஞ்ச விடுன்னேன்" என்று சொல்லிவிட்டு, ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று இரவு முழுக்க ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு விடுவது சுலபம், ஏனென்றால் அவர் விட்டது வெறும் கத்தரிக்காய். அதைக்கூட அவர் உண்மையில் விட்டிருக்க மாட்டார், நாக்கில் பட்டால் தெரியும். யாராலும் எதையும் விட முடியாது என்று காட்ட வேண்டும் போல இருந்தது. எனக்கு வயது பதினாறு. சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாத வயது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு விடுமுறை கொடுத்து, நாமே சமைத்து, அவரை உட்காரவைத்து இலை போட்டுப் பரிமாறுவது நம் விடுதி வழக்கம். இந்த முறை சாம்பார், பீன்ஸ் பொரியல், பீர்க்கங்காய்த் துவையல், அப்பளம், பாயசம். துவையலுக்குக் காய் வதக்குவது என் வேலை, மிக்ஸியில் அரைப்பது மலரின் வேலை. எல்லோருக்குமான பீர்க்கங்காயை வதக்கி முதலில் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு, கூடையில் மிச்சமிருந்த நான்கு கத்தரிக்காய்களைத் தோல் சீவி, எண்ணெயில் வதக்கி, நிறம் தெரியாமல் இருக்கக் கொத்தமல்லியை அள்ளிப் போட்டு, சின்னக் கிண்ணத்தில் மலரிடம் நீட்டினேன். "இது அக்காவுக்கு. அவங்களுக்குக் காரம் ஆகாதுல்ல, தனியா அரைச்சிரு" என்றேன். மலர் இந்த வருடம்தான் மலையிலிருந்து வந்தவள், யார் எது சொன்னாலும் கேட்டுக்கொள்கிறவள். அரைத்துக் கொடுத்தாள். வழித்து வழித்து, மிக்ஸி ஜாரில் ஒரு துளி மிச்சமில்லாமல், அக்காவுக்கு என்பதற்காக அவ்வளவு கவனமாக எடுத்துக் கொடுத்தாள்.

அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பந்தியில் உட்கார வெட்கப்பட்டு முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். நான் துவையலை இலையில் வைத்தேன்.

"இது என்ன துவையல், பவானி?"

"பீர்க்கங்காய்க்கா."

"நீ சொன்னா சரி" என்று சோற்றில் பிசைந்து வாயில் வைத்தார்.

கை நின்றது. இலைக்கு மேலேயே ஒரு நொடி நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குனிந்து அடுத்த கவளத்தை எடுத்தார். இலையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, கழிவுப் பக்கெட்டைத் தூக்கப் போன சங்கீதா அக்கா அங்கிருந்தே கத்தினார். "ஏய், இன்னைக்கு மெனுவுல கத்தரிக்காயே கிடையாதே. இந்தக் காம்பெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?" பக்கெட்டோடு கூடத்துக்கே வந்தார். "அக்காவுக்குத் தனியா ஒரு துவையல் போச்சே, அத அரைச்சது யாரு?"

"நான்தான்க்கா" என்றாள் மலர். என்னைக் கையால் காட்டினாள். "ஆனா பவானிதான் வதக்கிக் குடுத்துச்சு."

நாற்பது பேரும் என்னைப் பார்த்தீர்கள். நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "நான் பீர்க்கங்காதான் வதக்கிக் குடுத்தேன். பொய் சொல்லாத மலர்" என்றேன்.

அக்காவின் நாக்கு பொய் சொல்லும் என்று யார் நம்புவார்கள்? மலர் புதியவள். நீங்கள் என்னை நம்பியதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

அக்கா அதற்குள் இலையை மடித்துவிட்டு எழுந்திருந்தார். "காம்பக் கொண்டுபோய் மாட்டுக்குப் போடுங்கடி. யாரு அரைச்சா என்ன, நல்லா இருந்துச்சு" என்றார். யாரோ அழுதார்கள். அக்கா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இதுக்கு எதுக்கு அழுவுற? காசியில விட்டது கத்தரிக்காய. விட்டவங்கிற பெருமைய மட்டும் பத்திரமா முடிஞ்சு வச்சிருந்தேன். பதினோரு வருஷமா வர்றவ போறவகிட்டல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்ல. இன்னிக்கு அதுவும் போச்சு. போகட்டும்."

மறுநாள் விடியற்காலையில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்க் காவிரியில் முழுகிவிட்டு, ஈரத் தலையுடன் அடுப்படிக்கு வந்தார். அதன் பிறகும் கத்தரிக்காய் சாப்பிடவில்லை. அதைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். நூக்கோல் கதையைக்கூட அதற்குப் பிறகு சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் என்னைக் கூப்பிட மாட்டார் என்று நினைத்தேன். கூப்பிட்டார். உள்ளங்கையை நீட்டினேன். குழம்பை ஊற்றினார்.

"உப்பு சரியா இருக்குக்கா."

கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "உப்பு விஷயத்துல நீ என்கிட்டப் பொய் சொன்னதே இல்ல. அது போதும்."

அவருக்குத் தெரியும். முதல் கவளத்திலேயே தெரிந்திருக்கிறது. பதினோரு வருடம் வாயில் வைக்காததை, எனக்காக, கூடத்தில் என் முகம் கெடக்கூடாது என்று முழுக்கச் சாப்பிட்டிருக்கிறார். இது புரிந்த பிறகும் நான் அங்கே நின்று, "மலர் இல்லக்கா, நான்தான்" என்று சொல்லவில்லை. மூன்று சொற்கள். வேறு யாரும் அங்கே இல்லை. நான் சொல்வதற்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அவர் தள்ளி நின்றார், நான் உள்ளே போகவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடினேன். அதற்குப் பிறகு எத்தனை செவ்வாய்க்கிழமைகள். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அக்கா எப்போதும் அடுப்படியில் இருப்பார் என்று நம்பிக்கொண்டே தள்ளிப்போட்டேன். எதுவும் நிலைக்காது என்பதை வாழ்ந்து காட்டிய ஒருவரின் எதிரிலேயே நின்று அப்படி நம்பினேன்.

மலரை நீங்கள் எப்படி நடத்தினீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வரிசையில்தான் இருந்தேன். அவள் மொண்டு கொடுத்த தண்ணீரை யாரும் வாங்கவில்லை. அக்காதான் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தேங்காய் துருவச் சொல்வார். "இவளோட கை மாதிரி யாருக்குடி வரும், ஒரு பூ வீணாகாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். அக்கா அப்படிச் சொன்னபோதெல்லாம் நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிச் செவ்வாய்க்கிழமையும் ருசி பார்த்தேன். உப்பு கம்மி என்றேன். போட்டார். நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாயுத் தொல்ல" என்றார். நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, "கொடியில துணி காயுது, மழை வர்ற மாதிரி இருக்கு, போறபோக்குல எடுத்துப் போட்டுட்டுப் போடி" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. எடுத்துப் போட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

திருவானைக்காவலில் அவர் வீட்டுக்கு நாம் எல்லோரும் போனோம். மலர் மட்டும் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வராதே என்று யாரோ சொல்லியிருந்தார்கள். திரும்பி வரும்போது எனக்குப் பின்னால் பேசிக்கொண்டு வந்தது காதில் விழுந்தது. "காசியில குடுத்த சத்தியத்த முறிக்க வச்சா சாமி சும்மா விடுமா? மூணே மாசம். ஆளையே கொண்டுபோயிருச்சு." அன்று சாயங்காலமே மலர் அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

அக்காவுக்கு ரத்தக்குழாய் அடைப்பு வெகுநாளாகவே இருந்ததாம், டாக்டர் சொன்னார் என்று வார்டன் அம்மா நம்மிடம் சொன்னார். நான் உயிரியல் படிக்கிறவள். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் கண்ணை மூடினால் என் கையில் அந்தச் சின்னக் கிண்ணம் இருக்கிறது. சாமி தண்டிப்பதாக இருந்தால் தவறு செய்தவளைத் தேடித்தானே வரும் என்று விளக்கு அணைந்ததிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நாளை நான் இதைப் படித்தால், மலரைப் பார்த்த கண்களால் என்னைப் பார்ப்பீர்கள். வார்டன் அம்மா முசிறிக்குப் போன் செய்வார். அம்மா கடையில் லீவு சொல்லிவிட்டு வந்து இந்தக் கூடத்தில் தலைகுனிந்து நிற்பார். ஒருவேளை பெட்டி கட்ட வேண்டியது நானாகவும் இருக்கலாம்.

இரண்டு பக்கங்களையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டுக்கொண்டேன். நீங்கள் கூப்பிடும் அந்தப் பெயர்தான், அக்காவின் நாக்கு. அதை நான் விட்டாக வேண்டும். வேறு எதை விட்டாலும் அது குப்பை கொட்டுவதுதான்.

துவையலுக்குக் கத்தரிக்காய் வதக்கியவள் நான். பீர்க்கங்காய் என்று அக்காவிடம் சொன்னவள் நான். மலருக்கு எதுவும் தெரியாது. அவள் அன்று சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

வார்டன் அம்மா படித்த அந்த இரண்டு பக்கங்களை இப்போதுதான் கிழித்தேன். சத்தம் கேட்டு மலர் திரும்பிப் படுத்தாள். அவள் கட்டில் என் கட்டிலுக்கு அடுத்ததுதான். தூங்கவில்லை போலிருக்கிறது. கூடத்தில் எல்லோருக்கும் படிப்பதற்கு முன்னால் இதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். மன்னிப்பாள் என்று எதிர்பார்த்துப் படிக்கப் போவதில்லை. மன்னிக்காவிட்டாலும் சரி, பஸ் ஏறாமல் இருந்தால் போதும். ஏறுவதென்றாலும் தலையை நிமிர்த்திக்கொண்டு ஏறட்டும்.

கோமதி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். எல்லாம் தெரிந்தும் இலைக்கு மேலே ஒரு நொடி நின்று, பிறகு அடுத்த கவளத்தை எடுத்த அந்தக் கை.

மலர் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "என்ன எழுதுற?" என்று கேட்கிறாள். டார்ச்சை அவள் பக்கம் நகர்த்துகிறேன்.